கம்பியில் குத்திய ஒன்பது நாட்கள்

போயாவுக்கு முதல்நாள் இரவு வந்திருக்கிறார்கள்.
பூட்டு உடையவில்லை.
நான்காம் குறுக்குத்தெருக் காவலாளி கண்டதெல்லாம்
ஒரு பூனையும்
வெங்காயச் சருகை உருட்டிப்போன காற்றும்.

காலையில் கோப்புகள் எல்லாம்
வைத்த இடத்திலேயே இருந்தன.
ஒவ்வொரு பெயருக்கும் பின்னால்
தெரியாத ஒரு வால் முளைத்திருந்தது:
பருப்புக் கணக்கு, சுங்கப் பத்திரம், சம்பளப் பட்டியல்,
முதலாளி மகளின் கலியாணத்துக்கு
யார் யாரைக் கூப்பிடுவதென்ற குறிப்புக்கும்கூட.

கடிதம் ஒன்று வைத்திருந்தார்கள்.
இந்தக் கந்தோருக்கு வந்ததிலேயே மரியாதையான கடிதம்.
பதற வேண்டாமாம்.
எழுபத்திரண்டு மணித்தியாலம் தருகிறார்களாம்.
சந்தேகம் இருந்தால் கேட்கலாமாம், பதில் சொல்ல ஆள் இருக்கிறதாம்.

வயர்களைப் பிடுங்கினேன்,
கடைவாய்ப் பல் பிடுங்குவதுபோல்,
பதினெட்டுத் தடவை.
தெருமுனைத் தன்சலில் ஒலிபெருக்கி
போகிற வருகிற எல்லோரையும்
காசில்லாமல் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"கட்டினால் திறந்து தருவானா?"
நஸ்வர்தீன் ஹாஜியார் தொலைபேசியில்.
தரலாம். தராமலும் விடலாம்.
தந்தாலும், கட்டுகிற கடை இது என்று
எழுதி வைத்துக்கொள்வான்.

வெள்ளவத்தையில் என் அலுமாரிக்குள்
துவாயில் சுற்றிய டிஸ்க் ஒன்று,
எந்த வயரோடும் உறவில்லாதது.
வெள்ளிக்கு வெள்ளி எடுத்துவந்து நிரப்பிக்கொண்டு போவேன்.
போன வெள்ளி மழை.
நான் எடுத்து வரவில்லை.

ஒன்பது நாள் கணக்கு இல்லை.

கிட்டங்கியில் நாட்டாமி செபமாலை
மூட்டை எண்ணிய துண்டுகளை
இரும்புக் கம்பியில் குத்தி வைத்திருந்தான்.
பென்சில் கோடுகள், வெற்றிலைக் கறை,
ஐந்துக்கு ஒரு குறுக்கு வெட்டு.
இரண்டு இரவு மூன்று பேர் தட்டினோம்.
"இது ஏழா, ஒன்றா?" என்று கேட்டால்
கண்ணை மூடி
முதுகை ஒருதரம் அசைத்துப் பார்த்துவிட்டு
ஏழு என்பான்.

புதன்கிழமை எல்லோரையும் கூப்பிட்டார் ஹாஜியார்.
"யார்?"
கண்களெல்லாம் மஃபாஸாவிடம் போயின.
போன மாதம் கூரியர் பில் என்று வந்ததைத் திறந்தவள்;
திறந்த கையோடு ஓடிவந்து என்னிடம் சொன்னவளும் அவளே.
இன்றைக்கு அவளைத் திட்டினால்
நாளைக்கு யாரும் ஓடிவர மாட்டார்கள்.

"நான்தான்" என்றேன்.

பதிவேட்டில் இருந்தது:
அதிகாலை இரண்டு பதினான்கு, ஜெயறூபன்.
டோஹாவுக்குப் போய்ப் பதினாலு மாதம்.
கேக் வெட்டினோம், படம் எடுத்தோம்,
கட்டுநாயக்கா வரை போய்க் கையசைத்தேன்.
பெயரை மட்டும் அழிக்கவில்லை.
எவனோ எங்கோ அந்தப் பெயரை விலைக்கு வாங்கி
சட்டைபோல் மாட்டிக்கொண்டு
நேராக உள்ளே வந்திருக்கிறான்.

அன்றிரவு அழிக்கப் போனேன்.
உறுதியா என்று கேட்டது.
உறுதி.
பட்டியலைக் கீழே இழுத்தேன்.
இன்னும் பதினொரு பேர்.
அதில் கணக்குப்பிள்ளை துரைசிங்கம்
கனத்தையில் கிடந்து மூன்று வருடம்.
எங்கள் எல்லா அறைக்கும்
அவரிடம் இன்னும் சாவி இருந்தது.