ரெண்டு மணி நேரம்

ராத்திரி ஒன்றரைக்குக் கல் அணையும்.
யானைக்கல் முக்கில்
கடைசி சால்னா வாளியைக் கவிழ்த்த பிறகு
எனக்கு ரெண்டு பரோட்டா.
அப்புறம் காத்திருக்கணும்.

மூன்றரைக்குத்தான் மாத்திரை.
சாப்பிட்டு ரெண்டு மணி நேரம்,
போட்டு ரெண்டு மணி நேரம்,
வயிறு காலியாக இருக்கணும் என்றார்
பெரியாஸ்பத்திரி டாக்டர் ஹெப்சிபா.
மாவிலேயே கிடப்பவனிடம்
காலி வயிறு கேட்கிற மருந்து.

முதல் மாசம் தலைவலி.
வீசிய மாவோடு கடையும் சேர்ந்து சுற்றியது.
சொன்னேன். எழுதிக்கொண்டார்.
நிறுத்தச் சொல்லவில்லை.

போன ஆடியில் நானே நிறுத்தினேன்,
உடம்பு நல்லாத்தானே இருக்கு என்று.
ஏழாம் வாரம் கண்ணாடியில்
என் ரெண்டு கண்ணும் மஞ்சக்கரு.
அன்றைக்கு முட்டைப் பரோட்டா போடக் கை கூசியது.

மச்சான் கீழாநெல்லியோடு வந்தார்.
ரெஜினா அதை வாங்கி
கறிவேப்பிலைத் தொட்டியில் நட்டுவிட்டு
ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தாள்.

ரத்தத்தில் இருப்பது டம்ளரில் வராது,
முதலாளிக்கும் சொல்லியாச்சு.
தலையாட்டினார்.
என் டம்ளர் இன்னும்
தனியாகத்தான் கவிழ்ந்திருக்கிறது.

மணி மூன்று இருபத்தெட்டு.
பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருக்கிறேன்.
வைகையில் தண்ணியில்லை.
பாட்டிலில் இருக்கிறது,
மூடியைத் திறந்து வைத்திருக்கிறேன்.