ரீடிங் எடுக்கிறவள்

வில்லுக்குறிப் பக்கம் இன்றைக்கு என் பங்கு
நூற்றுப் பதினாறு மீட்டர்.
நாய் உள்ள வீடு ஒன்பது.
பூட்டிக் கிடப்பவை வளைகுடாக்காரர்களுடையவை,
அவற்றுக்குக் கருவியில் தனிக் குறி உண்டு.
அதை அழுத்தும்போதெல்லாம்
என் புத்தக அலமாரி ஞாபகம் வரும்.

தக்கலை நூலகத்தில் எடுத்த தடித்த நாவல்
அறுபத்தொன்றாம் பக்கத்தில் நிற்கிறது.
அடையாளத்துக்கு, யாரோ வாங்காமல் விட்ட பில் துண்டு.
அதில் ஒருவன் மூன்று வாரமாய்
மழையில் நனைந்தபடி
ஒரு கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறான்.
பைய நில்லுடே, என்கிறேன்.
மாசக் கடைசி கழியட்டு.

எழுதுவது காலை நாலு மணிக்கு என்று
தை மாதம் தீர்மானம் போட்டேன்.
நாலு மணிக்குப் பால்வெட்டுக்காரர்கள்
தலையில் விளக்கோடு ரப்பர் தோட்டம் ஏறுவார்கள்.
ஜன்னல் வழியே அந்த வெளிச்சங்களை எண்ணிவிட்டுத்
திரும்பப் படுத்துக்கொள்வேன்.

பதினொன்றே கால்.
கால்வாய்க் கரையில் பாலை மரம்.
அதன் கீழ் இசக்கி.
அவளுக்கும் ஓர் இணைப்பு எண் இருக்கிறது,
ஒரு பல்பு, துரு ஏறிய பெட்டிக்குள் ஒரு மீட்டர்.
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பேன்.
விதிப்படி செருப்பு போட்டிருக்க வேண்டும்.

பையில் டெஸ்டரோடு
திரியும், சிமிழில் கொஞ்சம் நல்லெண்ணெயும் கிடக்கும்.
மந்திரம் தெரியாது.
தெச்சி பறித்து வைப்பேன்.
குப்பியில் மிஞ்சிய தண்ணீரை மரத்தின் தூரில் ஊற்றுவேன்.
காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பேன்.
வேளிமலை மேல் மேகம் இருந்தால் அதற்கும் ஒரு கும்பிடு.
நாலு நிமிஷம்.
அஜிகுமார் ஹாரன் அடித்தால் மூன்று.

தங்கச்சி ஷீலாபாய் கல்யாணத்துக்குப் பின்
சபைக்குப் போகிறாள்.
"அந்தக் களிமண்ணுட்ட என்னத்தக்கா கேப்ப?"
ஒண்ணும் கேக்கதில்ல பிள்ளே,
ரீடிங் எடுக்கேன்.

இத்தனை வருஷமும் அந்த முகத்தைப்
பயந்துதான் பார்த்திருக்கிறேன்:
துருத்திய கண், வாயில் கவ்விய குழந்தை.
தின்கிறாள் என்றுதான் சொன்னார்கள்.
சித்திரை வெயிலில்
ஒரு கையில் கருவி, மறு கையில் குடை,
பில் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றபோது
தற்செயலாக அவளைப் பார்த்தேன்.
இரண்டு கையிலும் வேலை.
கீழே போட முடியாததை
வேறு எப்படிப் பிடிப்பது?

அன்றிலிருந்து என் வரிகளையும் அப்படித்தான் கொண்டுபோகிறேன்.
கால்வாய்க் கரையில் கவ்வியது
புலியூர்க்குறிச்சி வளைவில் ஈரமாகி,
தக்கலையில் வண்டியை நிறுத்தும்போது
சில நாள் மூச்சிருக்கும்,
சில நாள் இருக்காது.
பல் தடம் மட்டும் எல்லாவற்றிலும்.

அந்தத் தடவை அவள் மீட்டர் நகரவே இல்லை.
பல்பு செத்துப் போயிருந்தது.
எத்தனை ராத்திரி இருட்டு என்று
மரத்துக்குத்தான் தெரியும்.
பல்பு மாற்றுவது என் வேலையல்ல,
வாரியத்தின் வேலையும் அல்ல.
சாயங்காலம் ஒன்பது வாட்டில் ஒன்று வாங்கி
அஜிகுமார் தோளைப் பிடித்துக்கொண்டு
பலிக்கல்லுக்குப் பக்கத்துக் கல்லில் ஏறி மாட்டினேன்.
"வசந்தபாயக்கா, இதுக்குப் படி கிட்டாது கேட்டியளா."

வெளிச்சத்தில் தெரிந்தது,
அவளுக்கு ஓரப்பல் ஒன்று உடைந்திருக்கிறது.
அவனை அனுப்பிவிட்டு
கொசுக்கடியில் அங்கேயே உட்கார்ந்து நாவலைப் பிரித்தேன்.
மூன்று பக்கம்.
கதவு திறந்தது. யார் திறந்தது என்று
உங்களிடம் சொல்லமாட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ஐந்து யூனிட்.
அட்டையில் எழுதி, தேதி போட்டு,
சுருக்கொப்பம் வைத்தேன்.
இந்த வருஷம் நான் எழுதியதில்
அடிக்காமல், திருத்தாமல் விட்டது
அது ஒன்றுதான்.