வராதவரின் பாக்கி

பதினோரு பேர். நாற்காலிகள் பன்னிரண்டு.
எழுபத்தெட்டு அக்டோபர், ஒரு செவ்வாய்க்கிழமை.
சிலேசியாவில், நிலக்கரி தின்று கரும்புகை விட்ட ஊரில்
சுரங்க மன்றத்தின் மாடியறை.
கீழே குத்துச்சண்டைக்காரர்கள் மணல்மூட்டையை அடிக்க அடிக்க
மேலே கோப்பைகளில் தேநீர் நடுங்கியதாக
குறிப்பேட்டின் முதல் பக்கம் சொல்கிறது.

விளக்கறைக்காரர் எவால்ட் எழுந்து சொன்னார்:
மிச்சமிருக்கும் நாற்காலி
வருங்காலத்திலிருந்து வருகிறவருக்கு.
நம் கதைகளில் நாம்தானே எப்போதும் அங்கே போகிறோம்,
ஒருமுறை அவர் இங்கே வரட்டும்.
வரவேண்டுமென்றால்
எந்த நாள், எத்தனை மணி, எந்தக் கதவு என்று
யாராவது எழுதிவைத்திருக்க வேண்டாமா?
ஆகவே குறிப்பேடு.

கோக் ஆலையில் வேதியியல் பார்த்த ஒதிலியா கேட்டார்:
இலவசமாகவா?
மாதம் பத்து ஸ்லோட்டி எல்லோருக்கும்தானே?
ஏழுக்கு நான்கில் நிறைவேறியது.
அன்றிலிருந்து கணக்கில் பெயரில்லாத ஒரு வரி:
வருகிறவர், வரவில்லை. பாக்கி பத்து.

எண்பதில் பிளவு.
காலப்பயணம் உண்டென்றால் இதற்குள்
நாற்காலி நிரம்பியிருக்கும்,
நிரம்பாததால் அது விஞ்ஞானமில்லை, மாயாஜாலம்
என்றார் அலோயிஸ். நால்வரோடு வெளியேறினார்.
வெளியேறி எங்கே போக? ஊரில் வேறு அறை கிடையாது.
அதே மாடியில் வியாழக்கிழமை மன்றம்.
அதே கெண்டி, அதே பன்னிரண்டு நாற்காலி.
அந்த ஒன்றில் மட்டும் வேண்டுமென்றே
ஈரக் கோட்டுகளைக் குவித்தார்கள்.
செவ்வாய்க்காரர்கள் வியாழக்காரர்களோடு
பதினான்கு மாதம் பேசவில்லை.

எண்பத்தொன்று டிசம்பர்.
கதவுக்கு அரக்கு முத்திரை.
பிரதியெடுக்கும் இயந்திரத்தை லாரியில் ஏற்றினார்கள்.
விசாரித்த அதிகாரி கணக்கைத்தான் படித்தார்:
முந்நூற்றுத் தொண்ணூறு ஸ்லோட்டி பாக்கி வைத்திருக்கும்
இந்தப் பெயரில்லாதவன் யார்?
எங்கிருந்து வருகிறான்?
எவால்ட் உண்மையைச் சொன்னார்.
அதுதான் வினையாகிப்போனது.

ஐந்தாம் நாள், இடது காதை இழந்து திரும்பியவர்
கேட்ட ஒரே கேள்வி:
செவ்வாய்க்கிழமை எழுதினீர்களா?
எழுதியிருந்தார் ஒதிலியா,
தன் சமையலறையில், இறைச்சிக் கூப்பனின் பின்புறம்:
வந்தவர் ஒருவர். வருகிறவர், வரவில்லை.

அப்புறம் விலைவாசி. அப்புறம் சுரங்கம் மூடியது.
எல்லோர் கட்டணமும் ஏறிக்கொண்டே போனபோது
அவரைக் கேட்காமல் அவருக்கு உயர்த்துவது நியாயமல்ல என்று
வாதாடியவர் அலோயிஸ்.
(எப்போது திரும்பி வந்தார் என்பதைக் குறிப்பேடு சொல்லவில்லை.
ஒரு நாள் வியாழன் இல்லை, அவ்வளவுதான்.)
தொண்ணூற்றைந்தில் பழைய பத்தாயிரம் புது ஒன்றானது.
பதினாறேகால் வருடப் பாக்கி
இருபது காசுகூடத் தேறவில்லை.

தொண்ணூற்றேழு நவம்பர். மழை.
நனைந்த காலணியோடு ஒருவன் உள்ளே வந்து
எதுவும் கேட்காமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.
ஆறு பேரும் மூச்சுவிடவில்லை.
எந்த வருடம்? என்றார் எவால்ட்,
கேட்கும் காதை என் பக்கம் திருப்பி.

நான் கேஸ் மீட்டர் பார்க்க வந்தவன்.
முழங்கால் வலித்தது, உட்கார்ந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை.
தேநீர் கொடுத்தார்கள். பணிவாக
வேறு நாற்காலிக்கு மாற்றினார்கள்.
அந்தச் சில நொடி என்னை அவர்கள் பார்த்த பார்வைக்காகத்தான்
அடுத்த செவ்வாயும் போனேன்.

இப்போது நானே பொருளாளர்.
ஒருமுறை அவருக்காக இருபது காசை
உண்டியலில் போட்டுவிட்டேன்.
ஒதிலியா எண்ணினார், கூடுதலைக் கண்டுபிடித்தார்,
எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்:
அவரே கட்டட்டும்.

மாடியறை இன்று உடற்பயிற்சிக் கூடம்.
நாற்காலிகளில் நான்கு என் வீட்டுக்கு வந்தன.
நேற்றைய குறிப்பு:
வந்தவர் மூவர். வருகிறவர், வரவில்லை.
முகவரி மாற்றம்: வார்ப்படத் தெரு பதினேழு,
மூன்றாம் மாடி, இடது கதவு, மாலை ஆறு.
மணி வேலை செய்யவில்லை.
பலமாகத் தட்டவும்,
எங்களில் இருவருக்குக் காது மந்தம்.