இரண்டு கிலோமீட்டர்

சனிக்கிழமை, காலை எட்டு மணி.
டண்டினோங் பூங்காவில் பனிமூட்டம் இன்னும் எழும்பவில்லை.
என் பைக்குள்
ஜூஸ் பெட்டி இரண்டு, பிஸ்கட், அவசர ஊசி,
நாற்பத்தாறு ஜெல்லி பீன்ஸ்.
இரவு எண்ணி வைத்தேன்.
எண்ணினால் பயம் குறையும் என்று
யாரும் சொல்லவில்லை. ஆனாலும் எண்ணினேன்.

ஆரபிக்குப் பத்து வயது.
மேற்கையில் ஒட்டியிருக்கும் வட்டம்
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
அவளுடைய சீனியை என் போனுக்கு அனுப்பும்,
பக்கத்தில் ஓர் அம்புடன்.
அம்பு மேலே பார்த்தால் ஒரு கவலை,
கீழே பார்த்தால் இன்னொன்று,
நேராகப் படுத்திருந்தால்
எவ்வளவு நேரத்துக்கு என்ற கவலை.

எட்டு புள்ளி மூன்று. அம்பு மேலே.
இன்னும் ஓடவே இல்லை,
கோட்டில் நிற்கிறாள், அவ்வளவுதான்.
பயத்துக்கும் சீனி ஏறும்.
என் கையில் ஒரு வட்டம் ஒட்டினால்
அதற்கு எண்கள் போதாது.

இரண்டு வருடம் அவளை ஓட விடவில்லை.
பள்ளிக்குக் கடிதம் எழுதினேன்.
விளையாட்டுப் பாடத்தில் அவள்
நிழலில் இருந்து
மற்றப் பிள்ளைகள் ஓடிய நேரத்தை எழுதினாள்,
அழகான கையெழுத்தில்.

பிறகு கிளினிக்கில் அந்த டாக்டர்,
சப்பாத்துக் கயிறு அவிழ்ந்திருந்ததைக் கவனிக்காத பெண்,
"உன் கையைப் பொத்து" என்றார்.
ஆரபி பொத்தினாள்.
"இவ்வளவுதான் உன் இதயம்."
என்னிடம் திரும்பினார்:
"சீனி ஒவ்வொரு நாளும்
குழாய்களின் உள்சுவரைச் சுரண்டிப் பார்க்கும்.
ஐம்பது வயதில் தேவைப்படும் இதயத்தை
இப்போதே கட்டத் தொடங்கவேணும்.
ஓட விடுங்கள்."

துவக்கு வெடித்தது.
நான் குனிந்துவிட்டேன்.
யாரும் பார்க்கவில்லை; எல்லோரும் பிள்ளைகளைப் பார்த்தார்கள்.
நான் கடைசியாக ஓடியதும் இந்தச் சத்தத்துக்குத்தான்,
எதிலிருந்தோ.
இவள் ஓடுவது எதையோ நோக்கி.
இரண்டு கையையும் பொத்திக்கொண்டு.

ஏழு. அம்பு சரிகிறது.
ஐந்து புள்ளி நாலு. இரண்டு அம்பு, இரண்டும் கீழே.
பிறகு ஓடைப் பள்ளத்தில் இறங்கினார்கள்.
திரையில் எண் இல்லை,
மூன்று சின்னக் கோடுகள் மட்டும்.

ஒவ்வொரு பிள்ளையாக யூக்கலிப்டஸ் மரங்களுக்குள்ளிருந்து வந்தது.
சிவந்த முகங்கள். சேற்றுக் கால்கள்.
ஒரு பையன் வாந்தி எடுத்துவிட்டுச் சிரித்தான்.
ஆரபி இல்லை.
பையை எடுத்துக்கொண்டு நடந்தேன், நடக்கிறேன் என்றே நினைத்தேன்.
ஓரத்தில் நின்ற தொண்டர் ஒருவர் வழி விலகினார்.

பாலத்தடியில் ஒரு மரக்குற்றியில் இருந்தாள்,
வாய் நிறைய எதையோ மென்றபடி.
"நாலு புள்ளி ஒன்று அம்மா. காலும் நடுங்கிச்சுது.
பட்டியிலை இருந்த பீன்ஸ் சாப்பிட்டன்.
இன்னும் ஒன்பது நிமிசம் இருக்கு. பேசாமல் இருங்கோ."
இருந்தேன்.
ஓடையில் தண்ணீர் ஓடியது.
அவளுடைய முதுகில் கை வைத்தேன்:
எண் இல்லை, அம்பு இல்லை,
டக் டக் என்று கதவைத் தட்டும் அந்தப் பொத்திய கை.

நேரம் முடிந்ததும் திரும்பப் பார்த்தாள்: ஐந்து புள்ளி ஏழு.
எழும்பினாள்.
"நீங்களும் ஓடி வந்தனீங்களா?
மூச்சு வாங்குது உங்களுக்கு."

கூம்புகளைப் பொறுக்கத் தொடங்கியிருந்தார்கள்.
முடிவுக்கோடு பாதி அழிந்திருந்தது.
தாளை வாங்கித் தன் பெயருக்கு நேரே
தானே எழுதினாள்:
முப்பத்தொரு நிமிடம், இருபது செக்கன்.
அழகான கையெழுத்தில்.

இரவு இரண்டு மணிக்கு அலாரம்.
ஓடியதன் மிச்சத்தை உடம்பு நித்திரையில் வசூலிக்கும்.
கண் திறக்காமலே குழாயில் ஜூஸ் உறிஞ்சினாள்.
அம்பு நிமிரும்வரை
குசினியில் நின்று பையைக் காலி செய்தேன்.
நாற்பத்தாறும் அப்படியே இருந்தன.
ஒன்றை நான் தின்றேன்.
பச்சை. அவளுக்குப் பிடிக்காத நிறம்.