மூன்று பூச்சு

நாயாற்றுக் களப்புக்கு இப்பால்
கூரை புதிது, சுவர் பாதி புதிது,
சந்த செபஸ்தியார் மட்டும் பழசு.
ஆறடி முதிரைப் பலகை.
வௌவால் எச்சத்தை முதலில் கணக்கெடுத்தேன்,
பிறகு அம்புகளை.
ஐந்து.

முதல் நாள் முழுக்கப் படம்.
சாணுக்கு ஒன்று, ஒன்றின் மேல் ஒன்று கால்வாசி ஏறி,
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டே
மூப்பர் வஸ்தியாம்பிள்ளை கேட்டார்:
"ஒரு படம் காணாதோ பிள்ளை?"

இரண்டாம் நாள் கதிர்க் கருவி.
கைப்பிடி, விசை, குழல்.
புனிதரின் நெஞ்சுக்கு நேரே அதை நான் தூக்கிப் பிடித்தபோது
கடைசி வாங்கிலிருந்த இரண்டு பெண்கள்
எழுந்து வெளியே போனார்கள்.
அதன்பிறகு அதற்கு ஒரு தலையணை உறை.

குருதியில் பாதரசம்.
முகத்து வெள்ளையில் ஈயம்.
இடது முழங்காலுக்குக் கீழே மட்டும் டைட்டேனியம்,
அதாவது கடைப் பெயின்ற்,
அதாவது வள்ளத்துக்கு அடிக்கிற வெள்ளை.
மரமும் அந்த இடத்தில் மாறியது.
விளிம்பில் ஒரு சிராய் எடுத்து
உருப்பெருக்கியில் வைத்தால் பிசின் குழாய்கள்.
பைன்.
வன்னிக் காட்டில் பாலை நிற்கும், வீரை நிற்கும்,
பைன் எங்கே நிற்கும்?

மூன்றாம் நாள் அகச்சிவப்புக் கமரா.
மத்தியானம் அதற்குக் காய்ச்சல் வந்துவிட்டது.
திரை முழுக்கப் பொரி பறந்தது.
மீன்வாடிக்கு ஐஸ் ஏற்றுகிற றெமீஜியஸ்
சாக்கில் உமி சுற்றி அரைக் கட்டி கொண்டுவந்தார்.
காசு வேண்டாமாம்.
கமராவை றெஜிபோம் பெட்டிக்குள் இறக்கி
கண்ணை மட்டும் வெளியே வைத்தோம்.
மூடியை அவரே பிடித்துக்கொண்டார்.

கெண்டைக்கால் மெல்லக் கரைந்தது.
தோலுக்கு அடியில் கறுப்பு.
கறுப்பு எழுத்தாகியது,
தகடு வைத்து அடித்த எழுத்து:
ஒரு தொகுதி எண், நிறை கிலோவில்,
மேற்பக்கம் இதுவென்று காட்டும் குறியொன்று
தலைகீழாக, நிலத்தைப் பார்த்து.
ஆறு, என்று மனம் எண்ணிவிட்டது.

றெமீஜியஸ் மூடியை விட்டார்.

"எழுத்துத் தெரியக்கூடாதெண்டுதான்
மூண்டு பூச்சுப் பூசினனான்."
ஐஸ் தண்ணீர் சீமெந்தில் ஓடி
அவருடைய செருப்பைத் தொட்டது. அவர் நகரவில்லை.
"கோயில் விழுந்து பத்து நாள்,
கால் இல்லாமல் கிடந்தவர்.
கிடைச்ச பலகை அந்தப் பெட்டிதான்."
பிறகு,
"அதை அழிக்கேலுமோ தங்கச்சி?"

மூலக் கோப்பை அழிப்பதில்லை.
ஒரு பிரதி யாழ்ப்பாணத்தில், ஒன்று கொழும்பில்,
ஒன்று என் பைக்குள்.
விதியைச் சொன்னேன்.
சொல்லும்போது அந்தத் தலையணை உறை
நினைவில் வந்து நின்றது.

இரவு படிவம் நிரப்பினேன்.
ஓவியர்: தெரியாது.
காலம்: ஈயம் சொல்கிற அளவுக்கு.
திருத்தியவர்:
அந்த இடத்தில் கோடு மின்னி மின்னி அணைந்தது.
போகும்போது வாசலில் நின்று சொல்லியிருந்தார்,
"பேரைப் போடாதேங்கோ.
மூண்டு பூச்செண்டு போடுங்கோ, காணும்.
ரெண்டு எண்டு போட்டிடாதேங்கோ."

ஆகவே எண்ணினேன்.
அதே சிராய், குறுக்காக வெட்டி,
விளக்கடியில், பெயின்ற் படைகளை
அடியிலிருந்து மேலே.
வெள்ளை. வெள்ளை. தோல் நிறம்.
அதற்கும் மேலே இன்னொன்று,
தாள் போல மெல்லியது, கொஞ்சம் நீலம் கலந்தது.
எழும்பிப் போய்ச் சாய்வாக வெளிச்சம் பிடித்தேன்.
தூரிகை மயிரின் தடம் இல்லை.
விரல்.
ரேகை சுழித்துக் காய்ந்திருந்தது,
றெமீஜியஸ் விட்ட குறையைத்
தடவி நிரவியதுபோல.

விடிய வஸ்தியாம்பிள்ளை வந்தார்.
நாலாவது பூச்சு யாருடையது என்று கேட்டேன்.
அவர் ஜெனரேற்றரின் மூடியைத் திறந்து
உள்ளே பார்த்தார்.
"எண்ணெய் முடியப்போகுது பிள்ளை,
இருக்கிற படத்தை எடுங்கோ."