ஆப்பு

பெர்கனில் மூன்றரைக்கே இருட்டு.
சால்மன் வளர்க்கும் கம்பெனியின் வரைபடத்தில்
ஐவின்ட் இரண்டு கோடு இழுத்தான்:
மேல்கோடு விறுவிறுவெனச் சரிய
கீழ்க்கோடு மனமில்லாமல் சரிந்தது.
"இறங்கும் ஆப்பு. உடைந்தால் மேலேதான்."

கூரைக்கென்று வைத்திருந்த
நாற்பதாயிரம் குரோனரும் உள்ளே போயிற்று.

வெளியே, தார்ப்பாய்க்கு அடியில்
டோருன் பிர்ச் கட்டை பிளந்துகொண்டிருந்தாள்.
அவளுடைய ஆப்பு இரும்பு.
அடிக்குமுன் ஒருமுறை
கட்டையின் முகத்தைத் தடவிப் பார்ப்பாள்,
ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதென்று.

பதினொரு நாள்.
கைமாறும் பங்குகள் குறைந்துகொண்டே வந்தன,
ஒரு கூட்டமே மூச்சைப் பிடித்திருப்பதுபோல்.
விலை கூர்முனைக்கு வந்தது.
ஏறவில்லை. விழவுமில்லை.
மழைக்கு ஒதுங்கிய பூனை
மழை விட்டதும் கிளம்புவதுபோல்
முனை வழியே, நேராக,
யாரையும் பாராமல் வெளியேறியது.

ஐவின்ட் கீழ்க்கோட்டைக் கொஞ்சம் நிமிர்த்தினான்.
இப்போது அது முக்கோணம்.

"கட்டையில் கணு!" டோருன் கத்தினாள்.
"ஆப்பு மாட்டிக்கொண்டது. வந்து பிடுங்கு."

ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதை
அந்த ஊரில் யாருக்கும் தெரியாது.
கையுறையைத் தேடி எழுந்தான்.
சமையலறைப் பாத்திரத்துக்குள்
கூரை சொட்டிக்கொண்டிருந்தது,
ஒரே அளவில், எந்தப் போக்கும் இல்லாமல்.