கட்டுத்துணிக் கணக்கு

திங்கட்கிழமை காலை மருந்துக்கடை திறந்ததும்
முதலில் நொண்டி வருகிறவர்களைப் பார்த்தே
அடுத்த சனிக்கிழமை அணியைச் சொல்லிவிடுவேன்.
கோச் பூபாலனுக்கு அதற்கப்புறம்தான் தெரியும்.

சாட்ஸ்வர்த்தின் கிராஃப்ட்டீன் ரேஞ்சர்ஸ்.
பதினெட்டு ஆட்டம், பதினைந்து தோல்வி,
இரண்டு டிரா, ஒரு வெற்றி.
அதுவும் டோங்காட்காரர்களின் பஸ் வழியில் பழுதாகி
அவர்கள் வந்தே சேராத நாளில்.

மார்ச்சில் சாக்ரனின் முட்டி.
ஏப்ரலில், அவனுக்குப் பதில் வந்தவனின் அதே முட்டி.
லோகன் புனித வெள்ளியன்று தீக்குழி இறங்கினான்;
உள்ளங்காலில் ஒரு கொப்புளமில்லை.
செவ்வாய்க்கிழமை பயிற்சியில்
ஆரஞ்சுப் பிளாஸ்டிக் கூம்பு தடுக்கிக்
கணுக்கால் போனது.
அம்மன் தீயை மட்டும்தான் பார்த்துக்கொள்வாள் போலும்,
கூம்பு அவள் இலாகா இல்லை.

சிபிவேயின் தொடைத்தசை மூன்று முறை கிழிந்தது.
மூன்றாம் முறை அவன் எதுவும் கேட்கவில்லை,
நானும் கேட்கவில்லை.
ஆறு அங்குலச் சுருள் இரண்டு, வலித்தைலம் ஒன்று.
சில்லறைக்கு நிற்காமல் போய்விட்டான்.

பட்ட காலிலே படும் என்று சொல்லிவைத்தவன்
எங்கள் அணியைப் பார்த்திருக்கவே மாட்டான்.
இங்கே
படாத காலாகத் தேடிப் பிடித்தல்லவா படுகிறது.

வியாபாரம் நடக்கிறதே, பிறகென்ன புலம்பல்
என்கிறார் வீட்டுக்காரர்.
வாஸ்தவம். இந்த வருஷம்
எங்கள் ஆட்களைவிடக் கட்டுத்துணிதான் நன்றாக ஓடியது.
அவர் டிவியில் இங்கிலீஷ் கிளப் பார்க்கிறவர்.
அவருடைய ஆட்டக்காரன் எவனும்
அவரிடம் வந்து கால்சட்டையைச் சுருட்டி
முட்டியைக் காட்டியதில்லை.

ஜூலையில் ஒரு ராத்திரி ஆட்டம்,
இடைவேளைக்குள் மூன்று வாங்கியிருந்தோம்.
மின்வெட்டு. விளக்குகள் அணைந்தன.
குளிரில் கையைக் கட்டிக்கொண்டு இருட்டைப் பார்த்து
நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.
இருபது நிமிஷம் யாரும் எங்களுக்குக் கோல் போடவில்லை.

இனி வரமாட்டேன் என்று ஐந்து தரம் சொன்னேன்.
ஐந்து தரமும் மைதானத்தில் வைத்துத்தான் சொன்னேன்.

அக்டோபரில் கடைசி ஆட்டம், ஃபீனிக்ஸோடு.
நடக்க முடிந்தவர்கள் பத்துப் பேர்.
பதினோராவது, கோச்சின் மைத்துனன் தவேந்திரன்.
நாற்பத்தாறு வயது, மீட்டர் ரீடர்,
ஜெர்சி தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது.
ஐந்தாவது கோல் விழுந்ததும் எழுந்தேன்.
'பூபாலா, உனக்கெல்லாம்...'
படிக்கட்டில் யாரோ பன்னி சௌ குழம்பைக் கொட்டியிருந்தார்கள்.
வாக்கியம் முடியவில்லை.

ஸ்ட்ரெச்சர் வந்தது. அதற்கு என்ன, வழி தெரியும்.
தூக்கியவர்கள் சாக்ரன், லோகன், சிபிவே,
பெயர் எனக்கு நிற்காத அந்த ஏப்ரல் முட்டி.
நாலு பேருக்கும் சேர்த்து
நாலே நாலு நல்ல கால்.
ஒருவன் நொண்டலை இன்னொருவன் தோளில் வாங்கி,
திரும்பும் இடத்தில் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி,
ஒரு குலுக்கல் இல்லை.
மார்ச்சிலிருந்து இந்த அணி
மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு
எதையும் இவ்வளவு ஒழுங்காகக் கொண்டுபோனதில்லை.

'பாரம் போடாதீங்க ஆன்ட்டி' என்றான் சிபிவே.
'ஐஸ் வையுங்க. ஆறு அங்குலம் வேண்டாம்,
உங்களுக்கு நாலு போதும்.'
என்னிடமே.

இன்று திங்கள். காலை முக்காலியில் தூக்கி வைத்து
கல்லாவில் இருக்கிறேன்.
நாலு அங்குலச் சுருள் ஒன்று,
தள்ளுபடி போடாமல் என் பெயரிலேயே எழுதிக்கொண்டேன்.
நாட்காட்டியைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன்:
மார்ச்சுக்கு இருபத்திரண்டு வாரம்.
கணுக்காலுக்கு ஆறு போதுமாம்.
மிச்சப் பதினாறை
என்ன செய்வதென்று தெரியவில்லை.